அன்பானுக்குப் பெயர் இருக்கு, ரொட்டிக்கு?

ஜப்பான் இனிப்புகள் நல்லா இருந்தன. இதை முதல்லயே சொல்லிடுறோம். இல்லாட்டி, "வாங்க வசதியில்லாததால திட்டுறாங்க" என்று யாராவது சொல்லிட்டுப் போயிடுவாங்க. வாங்கினோம், சாப்பிட்டோம். கண்டியில் வார இறுதியில் நடந்த ஒரு உணவுச் சந்தையில் கலஹாப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து ஒரு மோச்சி, ஒரு டொராயாகி, ஒரு அன்பான், ஒரு துண்டு மட்சா கேக் வாங்கி ஆளுக்குக் கால்வாசியாகப் பிரிச்சுக்கிட்டோம். 1,850 ரூபா. தோட்டத்துக் கணக்கில் ஒரு முழுப் பேரும் அதற்கு மேல் 100 ரூபாவும்.

'பேர்' என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பெயர் 'பேர்'. நிறை காணாவிட்டால் 'அரைப்பேர்'. 2021இல் ஒரு பேருக்கு 1,000 ரூபா, 2024இல் 1,350. 2026 வரவு செலவுத் திட்டம் அதை 1,550 ஆக்கி, வருகைக்கு 200 சேர்த்து 1,750 என்றது. இதை வைத்துக்கொண்டு "பாருங்க, எவ்வளவு அநியாய விலை" என்று புலம்பப் போவதில்லை. இனிப்பு செய்தவரும் கூலி வாங்கத்தான் வேணும். எங்கள் சண்டை அந்தச் சந்தையிலும் பிறகு பஸ்ஸிலும் எங்கள் கூட்டாளிகள் வாயிலிருந்தே கேட்ட ஒரு வசனத்தோடு: "எவ்வளவு எளிமை, எவ்வளவு நேர்த்தி! நம்ம பக்கம் என்ன இருக்கு? ரொட்டிதானே."

சரி, அந்த நேர்த்தியைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போம்.

மோச்சி என்பது ஒட்டும் அரிசியை அவித்து இடித்த மாவு. உள்ளே பெரும்பாலும் 'அன்'. அன் என்பது அவித்து மசித்துச் சீனி போட்ட சிவப்புப் பயறு. அரிசி மாவுக்குள் இனிப்புப் பயறு வைத்துக் கொழுக்கட்டை பிடிக்கும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இதில் அதிசயப்பட என்ன இருக்கு? தீபாவளிக்குச் சுசியம் சுடும்போது உருண்டை பிடிப்பதும் அதே பயறு, அதே இனிப்பு. வேறுபாடு மேலே இருக்கும் தோலில்தான். நாங்கள் எண்ணெயில் போடுறோம், அவர்கள் இடிக்கிறார்கள்.

இன்னொன்று. ஜப்பானியத் தேநீர்ச் சடங்கில் இனிப்பை முதலில் சாப்பிட்டு, பிறகு கசக்கும் மட்சாவைக் குடிப்பார்கள். தேநீருக்குள் சீனி போடுவதில்லை. இதைப் பெரிய தத்துவமாக எழுதிய புத்தகங்கள் இருக்கு. எங்கள் லயங்களில் அப்பாயிமார் உள்ளங்கையில் சீனியை வைத்துக்கொண்டு, நக்கி நக்கி வெறுஞ்சாயம் குடிச்சாங்க. சக்கரைத் துண்டைக் கடிச்சுக்கொண்டும் குடிச்சாங்க. நாக்குக்கு நடப்பது ரெண்டிலும் ஒன்றுதான்: இனிப்பு முன்னே, கசப்பு பின்னே. அங்கே அது கலை என்று பேசப்படுது. இங்கே அதற்குப் பெயர் 'சீனி பத்தாத காலம்'.

பெயர் என்று சொன்னோம் இல்லையா, அங்கேதான் விஷயம் இருக்கு.

அன்பான் என்ற சொல்லைத் தமிழில் எழுதினால் அன்பு உள்ளவன் மாதிரி இருக்கு. ஆனால் அது அன் + பான். அந்தப் 'பான்' எது தெரியுமா? நாங்கள் கடையில் கேட்கும் 'பாண்'தான். போர்த்துக்கேயர் இலங்கைக்கு 1505இலும் ஜப்பானுக்கு 1543இலும் வந்து சேர்ந்தார்கள். ரொட்டிக்கான அவர்களுடைய சொல் ரெண்டு தீவிலும் தங்கிவிட்டது. நாகசாகியின் பெருமையான 'கஸ்தெரா' கேக்கும் அந்தக் கப்பல்காரர்கள் விட்டுப்போனதுதான். ஆக "தூய மரபு" என்று சந்தையில் தட்டில் வைத்து நீட்டுவதில் ஒரு பகுதி, எங்கள் பேக்கரிக்கு வந்த அதே கப்பலில் வந்தது. மாலு பாணும் அன்பானும் ஒரே குடும்பப் பெயர் உள்ள சகோதரங்கள். ஒன்றின் வயிற்றில் மீன், மற்றதன் வயிற்றில் பயறு. ஒன்று சந்தையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கு. மற்றது சூன் பாண் ஆட்டோவில் பாட்டுப் போட்டுக்கொண்டு லயத்து ரோட்டில் ஏறுது.

இப்போது இரண்டு வரலாறுகளைப் பக்கத்தில் வைப்போம். தோக்கியோவில் கிமுரா யசுபெய் என்ற முன்னாள் சாமுராய் 1869இல் பேக்கரி திறந்தார். அரிசியிலிருந்து சாக்கே காய்ச்சப் பயன்படும் நொதியை வைத்து மாவைப் புளிக்கச் செய்து, 1874இல் அன்பானைக் கொண்டுவந்தார். அடுத்த வருஷம் அது மேஜி பேரரசரின் மேசைக்குப் போனது. அந்தக் குடும்பத்தின் பெயரில் கின்சாவில் இன்றைக்கும் கடை இருக்கு.

அதே வருஷங்களில் எங்கள் மலையில் என்ன நடந்தது? கலஹாவைத் தாண்டி தெல்தோட்டைப் பக்கம் ஏறினால் லூல்கந்துர. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் அங்கே 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அவருடைய பங்களா வராந்தாதான் தொழிற்சாலை. கொழுந்தை மேசையில் போட்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் கையால் உருட்டினார்கள். மண் அடுப்பில் கரி போட்டுக் காய வைத்தார்கள். 1873இல் 23 இறாத்தல் தேயிலை லண்டனுக்குப் போனது. டெய்லரின் பெயர் எல்லாருக்கும் தெரியும். அவர் உட்கார்ந்த கல் இருக்கையைப் பார்க்க வெளிநாட்டுக்காரர் வேன் பிடிச்சு வர்றாங்க. 1892இல் செத்தவருக்குக் கண்டி மஹியாவையில் கல்லறை இருக்கு. அந்த மேசையில் முழங்கை தேய உருட்டினது யார்? தோக்கியோவில் ஒரு பணிஸ் சுட்டவருக்குப் பெயர் இருக்கு. எங்கள் ஆட்களுக்குப் 'பேர்' மட்டும் இருந்தது, செக்ரோலில் ஒரு கோடாக.

இதை ஜப்பானை உயர்த்தச் சொல்லவில்லை. ஜப்பான் யாருக்கும் அடிமையாகவில்லை, யாரையும் வருத்தவில்லை என்பதல்ல கதை. 1895இல் தாய்வானைப் பிடித்து, அங்கே கரும்பு போட்டுத்தான் சீனியைப் பெருக்கினார்கள். அந்த மென்மையான இனிப்புகளுக்குப் பின்னாலும் ஒரு தோட்டக்காடு உண்டு. 1942இல் அவர்கள் பர்மாவைப் பிடித்தபோது, பர்மா அரிசியை நம்பியிருந்த இலங்கைக்கு அரிசி நின்றது. கூப்பனில் கோதுமை மா வந்தது. அதே படை சயாம்–பர்மா ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து இழுத்துக்கொண்டு போன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். எங்கள் லயத்து ரொட்டி ஏதோ சமைக்கத் தெரியாதவர்களின் சோம்பேறிச் சாப்பாடு இல்லை. சோறு கிடைக்காமல் செய்யப்பட்ட மக்கள், கையில் கொடுத்த மாவைத் தேங்காயும் உப்பும் போட்டுப் பிசைந்து, விடிய முதல் அடுப்பில் சுட்டு, சம்பலோடு மலைக்குக் கட்டிக்கொண்டு போன சாப்பாடு. வெளியிலிருந்து வந்த மாவைத் தனதாக்கிக்கொள்வதுதான் கிமுராவின் கெட்டித்தனம் என்றால், அந்தக் கெட்டித்தனம் எங்கள் அடுப்படியிலும் இருந்தது. அதற்குப் பேரரசர் இல்லை, அவ்வளவுதான்.

"அப்ப வெளிநாட்டுச் சாப்பாட்டைப் புறக்கணிக்கணும்" என்று சிலர் கிளம்புவாங்க. வேண்டாம். எங்கள் பிள்ளைகள் மோச்சியும் தின்னட்டும், பீட்சாவும் தின்னட்டும். லயத்துப் பிள்ளைக்கு உலகத்தை ருசி பார்க்கும் உரிமை கிடையாது என்று சொல்வது துரைமார் வேலை.

இன்னும் சிலர், "அடுத்த முறை மலையக ஸ்டோல் ஒன்று போடுவோம்" என்பாங்க. எப்படிப் போடுவாங்க என்று எங்களுக்குத் தெரியும். ஒரு பிள்ளைக்குச் சேலை உடுத்தி, தலையில் கூடைக் கயிறு மாட்டி, பக்கத்தில் நின்று படம் எடுப்பாங்க. ஜப்பான் ஸ்டோலில் வயலில் நாற்று நடும் ஆள் வேஷம் போட்டு யாரும் நிற்கவில்லையே? அங்கே சாப்பாடு பேசியது. எங்களிடம் மட்டும் ஏன் வறுமை நடிக்கணும்? 'தமிழ்ச் சாப்பாடு' என்ற பலகைக்குக் கீழே ஒடியல் கூழும் நண்டுக் குழம்பும் மட்டுமே வைப்பவர்களுக்கும் இதே கேள்விதான். அதெல்லாம் ருசியான சாப்பாடு. ஆனால் கலஹாவிலும் தமிழர் சமைக்கிறார்கள்.

"இனிப்பு தின்னப் போன இடத்தில எதுக்கு அரசியல்?" இதையும் எங்களிடம் கேட்டார்கள். மட்சா டப்பாவில் எந்த ஊர், எத்தனை வாரம் நிழலில் வளர்ந்தது, எந்தக் கல்லில் அரைத்தது என்று எழுதியிருந்தது. அதை ரசிச்சு வாசிச்சவர்கள்தான் இதைக் கேட்டவர்கள். அதுவும் வேலையைப் பற்றிய கதைதான். யாருடைய வேலை கதையாகலாம், யாருடையது புகாராகணும் என்பதை முடிவு செய்வது அரசியல் இல்லாமல் வேறு என்ன?

கலஹா வீதி எங்கள் பல்கலைக்கழகத்துக்கு நடுவாகத்தான் போகுது. காலையில் மலையிலிருந்து இறங்கும் பஸ் கலைப்பீடப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, மீதிப் பேரைக் கண்டிக்கு வேலைக்குக் கொண்டு போகுது. அந்தப் பஸ்ஸில் எத்தனை பைக்குள் ரொட்டி இருக்கு, அதில் எத்தனை விரிவுரை இடைவேளையில் மூடியைப் பாதி திறந்து மறைச்சுத் தின்னப்படுது என்பது எங்களுக்குத் தெரியும்.

அதனால் இதை அந்தப் பிள்ளைகளுக்குத்தான் எழுதுறோம். உங்கள் வீட்டில் சுசியம் சுடுபவரின் பெயரையும், அவர் யாரிடம் பழகினார் என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள். சந்தை நடத்துபவர்கள் கூப்பிட்டால் கூடையை வீட்டில் விட்டுட்டு, அடுப்பையும் விலைப் பலகையையும் கொண்டு போங்கள். மற்ற ஸ்டோலுக்கு எவ்வளவு வாடகையோ அதே வாடகை, அவர்களுக்குக் கிடைக்கும் அதே இடம். பலகையில் சமைத்தவரின் முழுப்பெயர் தமிழில் இருக்கணும். விலை போடும்போது அவருடைய ஒரு நாள் கூலியை முழுதாகச் சேர்த்துப் போடுங்கள், அரைப்பேராக இல்லை. யாராவது "ஒரு ரொட்டிக்கு இவ்வளவா?" என்று கேட்டால், பக்கத்து ஸ்டோலில் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டாரா என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள்.