ஒண்டுமில்லையாம்!

போன செமஸ்டர் சோதினைக்கு முதல்நாள் எங்கட தோழி ஒருத்தி ஹொஸ்டல் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டாள். கை விறைப்பு, மூச்சு முட்டல், சாகப்போறன் எண்ட பயம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். ஈசிஜி சரியாக இருந்தது. "ஒண்டுமில்லை பிள்ளை, சோதினைப் பயம். யோசிக்காம இரும்." அவளுக்கு அது நாலாவது தடவை. (அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறோம்.)

இதயத்தில் ஒன்றுமில்லை என்பதும் ஒன்றுமே இல்லை என்பதும் ஒன்றா? இதற்குப் பீதிக் கோளாறு என்று பெயர் இருக்கிறது. மருந்து இருக்கிறது, சிந்தனையையும் நடத்தையையும் மாற்றும் சிகிச்சை இருக்கிறது. அவற்றோடு எங்களுக்குச் சண்டையில்லை. "கதைச்சு என்ன வரப்போகுது" என்பவர்களோடுதான் சண்டை.

நியூயோர்க்கில் பார்பரா மில்ரொட் குழுவினர் 49 பேருடன் செய்த ஆய்வு 2007இல் வந்தது. ஒரு பகுதியினருக்கு வாரம் இருமுறை, 12 வாரம், உள இயங்கியல் வழியில் வெறும் கதைதான். மற்றவர்களுக்கு உடலைத் தளர்த்தும் பயிற்சி. கதைத்தவர்களில் 73 வீதமானோருக்குக் குணம் தெரிந்தது, மற்றப் பக்கம் 39 வீதம். 2016இல் 201 பேருடன் வந்த பெரிய ஆய்வில் வெற்றி இவ்வளவு தெளிவில்லை; இரண்டு இடங்களில் ஒன்றில் மற்றச் சிகிச்சைகள் முந்தின. அதை ஏன் மறைப்பான்? ஆனால் அதிலும் இடையில் விட்டுப்போனவர்கள் தளர்வுப் பயிற்சியில்தான் கூட.

அங்கே என்ன கதைக்கிறார்கள்? முதல் தடவை எப்ப வந்தது, அதுக்கு முன்னம் என்ன நடந்தது, ஆர்மேல கோபம் வந்து விழுங்கினீர் என்று. தங்கியிருக்கும் ஆள்மேலேயே வரும் கோபம் பயங்கரமானது, அவரை இழந்துவிடுவோமோ என்ற பயத்தையும் கொண்டுவரும், வாயால் வராதது உடம்பால் வரும் என்பது இந்த வழியின் கணிப்பு. எங்கட வீடுகளில் நகை அடகு வைத்துப் படிப்பிக்கிற அம்மாவோடு ஆர் கோபிக்கிறது?

நாங்கள் வைத்தியர்கள் இல்லை. ஆனால் நாலு தடவையும் வீட்டுக்குப் போய்வந்த அடுத்தநாள் என்று அவளே விரல் மடித்து எண்ணினாள். மூன்று தடவை சோதினையே இருக்கவில்லை. ஒருத்தரும் கேட்கவில்லை. நாங்களுந்தான்.

24 தடவை, தமிழில், கதவைச் சாத்திக் கதைக்க ஓர் ஆளும் ஓர் அறையும் வேண்டும். எங்கட பீடத்தில் மூச்சுப்பயிற்சிப் போஸ்டர் ஒட்டியிருக்கிறது. 'உளவளத்துணை அறை' என்று பலகையும் தொங்குகிறது, உள்ளே போட்டோக்கொப்பி மெஷின். முதலில் அதை வெளியில எடுங்கோ.