விளைபொருள் காக்கும் தாவரச் சாறு: ஆய்வகத்திலிருந்து மண்டிக்கு எவ்வளவு தூரம்?

புதுதில்லி: நாட்டில் விளையும் கொய்யாவில் ஏறத்தாழ 15 சதவீதம், உண்பவர் கைக்குச் சேராமலேயே வீணாகிறது. மத்திய உணவு பதப்படுத்துதல் தொழில்கள் அமைச்சகத்துக்காக நாப்கான்ஸ் நிறுவனம் மேற்கொண்ட ஆய்வின் 2022-ஆம் ஆண்டு அறிக்கை தெரிவிக்கும் தகவல் இது. தானியங்கள், காய்கனிகள், கால்நடைப் பொருள்கள், மீன் ஆகிய அனைத்தையும் சேர்த்தால், அறுவடைக்குப் பிந்தைய ஆண்டு இழப்பு சுமார் ரூ.1.5 லட்சம் கோடி. இதைக் குறைக்கும் வழிகளில் ஒன்றாகத் தாவரச் சாறுகளும், அவை கலந்த உண்ணத்தக்க மேற்பூச்சுகளும் கவனம் பெற்று வருகின்றன.

பறித்த பின்னரும் காய்கனிகள் சுவாசிக்கின்றன, நீரை இழக்கின்றன. தோலில் ஏற்படும் சிறு காயங்கள் வழியே பூஞ்சைகள் உட்புகுகின்றன. கிராம்பில் உள்ள யூஜினால், ஓமத்தில் உள்ள தைமால் போன்றவை பூஞ்சை வளர்ச்சியைத் தடுக்கக்கூடியவை. சோற்றுக்கற்றாழைக் கூழ் மெல்லிய படலமாகப் படிந்து நீரிழப்பைக் குறைக்கிறது.

குவாஹாட்டி ஐஐடி ஆய்வாளர்கள், நுண்பாசியிலிருந்து எண்ணெய் எடுத்த பின் எஞ்சும் சக்கையின் சாற்றைக் கொண்டு மேற்பூச்சு ஒன்றை உருவாக்கியதாக 2022-இல் அறிவித்தனர். உருளைக்கிழங்கு, தக்காளி, பச்சை மிளகாய் உள்ளிட்டவற்றில் அது சோதிக்கப்பட்டது. ஏறத்தாழ இரு மாதங்கள் வரை அவை கெடாமல் இருந்ததாகத் தெரிவிக்கப்பட்டது.

எனினும், ஆய்வக வெற்றி சந்தைக்கு வருவதில் மூன்று தடைகள் உள்ளன. முதலாவது, சீரான தரம். தாவரச் சாற்றின் வீரியம் மண், பருவம், பிழியும் முறை ஆகியவற்றுக்கேற்ப மாறும். அளவு மிகுந்தால் கிராம்பு மணம் பழத்தில் தங்கிவிடும். பூச்சு தடித்தால் காற்றோட்டமின்றிப் பழம் உள்ளேயே புளித்துவிடும்.

இரண்டாவது, அனுமதி. புதிய பழங்கள் மீது தேன்மெழுகு, கார்னாபா மெழுகு, அரக்கு மெழுகு ஆகிய மூன்றை மட்டுமே, உரிய முகப்புச்சீட்டு அறிவிப்புடன் பூசலாம் என 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. இயற்கையானது என்பதாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது என்பதால், பாதுகாப்புச் சோதனையும் தவிர்க்க இயலாதது.

மூன்றாவதும் முக்கியமானதும், பலன் யாருக்கு என்ற கேள்வி. சேமிப்பு வசதியற்ற சிறு விவசாயி, பறித்த அன்றே கிடைத்த விலைக்கு விற்கிறார். தக்காளி வரத்து பெருகும் நாள்களில் அவருக்குத் தேவைப்படுவது, நல்ல விலைக்காகக் காத்திருக்கச் சில நாள்கள் அவகாசம். மேற்பூச்சு வியாபாரியின் கிடங்கில் பூசப்பட்டால், அந்த அவகாசமும் அதனால் வரும் லாபமும் வியாபாரிக்கே சேரும்.

எனவே, இத்தொழில்நுட்பம் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் தரம்பிரிப்புக் கூடங்களைச் சென்றடைவது அவசியம். 2020-இல் தொடங்கப்பட்ட ரூ.1 லட்சம் கோடி வேளாண் உள்கட்டமைப்பு நிதியின் கீழ், அத்தகைய கூடங்களை அமைக்க 3 சதவீத வட்டி மானியத்துடன் கடன் பெற இயலும்.

தாவரச் சாறு குளிர்பதனக் கிடங்குக்கு மாற்று அல்ல. அடிபட்ட பழத்தையும் அது மீட்காது. காயமின்றிப் பறித்து, விரைந்து குளிர்வித்து, கவனமாக ஏற்றி அனுப்பும் சங்கிலியில் அதுவும் ஒரு கண்ணி. அந்தச் சங்கிலி வயலுக்கு அருகிலிருந்தே தொடங்கினால்தான், மிச்சமாகும் விளைச்சலின் பலன் விளைவித்தவரைச் சேரும்.