உலகப்போர் நம் ஊருக்கும் வந்தது

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

இரண்டாம் உலகப்போர் என்றதும் ஹிட்லர், முசோலினி, ஹிரோஷிமா என்று வரிசையாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். மாணவர்கள் மனதில் அது யாரோ வெள்ளைக்காரர்களின் சண்டையாகவே தங்கிவிடுகிறது. அது நம் சேலம் மாவட்டத்தின் கதையும்தான் என்பது என் கருத்து.

நம் அயோத்தியாப்பட்டணம் ரோட்டில் குச்சிக்கிழங்கு லாரிகளைப் பார்க்காத நாள் உண்டா? போருக்கு முன்பு ஜவ்வரிசியும் ஸ்டார்ச் மாவும் மலேயா, சிங்கப்பூர் பக்கமிருந்து கப்பலில் வந்தன. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. சரக்கு வருவது நின்றது. 1943 வாக்கில் சேலத்து வியாபாரிகள், பினாங்கில் இந்தத் தொழிலைக் கற்று வந்தவரின் துணையோடு, இங்கேயே கிழங்கை அரைக்கத் தொடங்கினார்கள். இன்றைய சேகோ ஆலைகளுக்கு அதுதான் ஆரம்பம். அதே 1942-இல் பர்மாவும் விழுந்ததால் பர்மா அரிசியும் நின்றது. ரேஷன் நம் வீட்டுச் சொல்லானது அந்தக் காலத்தில்தான்.

சினிமாவும் தப்பவில்லை. கச்சா ஃபிலிம் தட்டுப்பாடான காலம். போருக்கு ஆதரவாகப் படம் எடுக்கும்படி அரசு தயாரிப்பாளர்களைக் கேட்டது. ஏற்காடு ரோட்டில் இருந்த நம் மாடர்ன் தியேட்டர்ஸில் டி.ஆர். சுந்தரம் ‘பர்மா ராணி’ எடுத்தார். ஜப்பானியர் பிடித்த பர்மாவில் சிக்கிய இந்திய விமானப்படை வீரர்களின் கதை அது.

ஆனால் அதே பர்மா எல்லையில் நடந்த இன்னொரு கதையைத்தான் நாம் பேசுவதே இல்லை.

சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் ஜப்பானியர் முடித்தார்கள். போர்க் கைதிகள் சுமார் 60,000 பேர் அதில் வேலை செய்தார்கள். 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் ஏறக்குறைய 90,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். மலேயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பகுதி ரப்பர் தோட்டத் தமிழர்கள். திருச்சி, தஞ்சாவூர், வட ஆற்காடு, நம் சேலம் ஜில்லா என்று கங்காணிகள் ஆள் சேர்த்துக் கப்பலேற்றிய குடும்பங்கள். போரில் தோட்டம் முடங்கி, கூலி இல்லாமல் இருந்தவர்களை ஆசை காட்டியும் பிடித்தும் கொண்டுபோனார்கள். காலரா, மலேரியா, பசி, அடி. கைதிகளுக்காவது சொந்தப் படை மருத்துவர்கள் சிலர் இருந்தார்கள். இவர்களுக்கு யாரும் இல்லை.

காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 வீரர்களுக்குத் தனித்தனிக் கல்லறை இருக்கிறது. அது நியாயமே. நம்மவர்கள் மொத்தமாகக் குழியில் போடப்பட்டார்கள். 1957-இல் வந்த குவாய் நதிப் பாலம் பற்றிய ஆங்கிலப் படம் உலகமெங்கும் ஓடியது. அதன் கதை வெள்ளைக்காரக் கைதிகளின் கதை. தமிழர்களுக்கென்று காஞ்சனபுரியில் ஒரு நடுகல் வைக்க 2023 வரை ஆனது.

நான் பணியில் இருந்தபோது வகுப்பில் ஒருமுறை, “உங்கள் வீட்டில் யாராவது மலேயா, பர்மா போனார்களா?” என்று கேட்டேன். மறுநாள் ஒரு பையன் வந்தான். “எங்க அப்பாயியோட அண்ணன் மலேயாவுக்குப் போனாருங்க சார். அப்புறம் கடுதாசியே வரலையாம்” என்றான். அந்த அம்மாவுக்கு அண்ணன் செத்தாரா, எங்கே செத்தார் என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. அவர் எப்போது திதி கொடுப்பார்?

“எண்பது வருஷம் ஆச்சு, இப்ப எதுக்கு?” என்று சிலர் கேட்கலாம். அதனால்தான் சொல்கிறேன். அந்தக் காலத்தை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இன்று தொண்ணூறு வயதாவது இருக்கும்.

பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பத்தாம் வகுப்பில் இந்தப் பாடம் நடத்தும்போது நான் கேட்ட கேள்வியை நீங்களும் கேளுங்கள். பிள்ளைகள் கொண்டுவரும் பெயர், ஊர், போன வருடம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிப் பள்ளியிலேயே வையுங்கள். பழைய கடிதம், போட்டோ கிடைத்தால் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பரம்பரையாக நடுகல் கும்பிடும் ஊர்கள் சேலம், தருமபுரி பக்கம் எத்தனையோ உண்டு. நம் ஆட்களின் பெயரையாவது எழுதி வைப்போம்.

உங்கள் குடும்பத்தில் இப்படிப் போனவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள்.