நூல் நோக்கு: பழங்கதைகளின் மறுவிசாரணை

ஆங்கிலக் கதை நூல்களின் பக்கம் கண்ணைச் செலுத்துவோர் இரண்டு வகை நூல்களை இக்காலத்தில் மிகுதியாகக் காண்பர். ஒன்று, சிறுவயதிற் கேட்ட தேவதைக் கதைகளை எடுத்து, விரித்து, வேறொரு கோணத்தில் நின்று சொல்லும் நாவல்கள். மற்றது, ஒரு சமயத்தின் நம்பிக்கையை அடிநிலமாகக் கொண்டு எழுந்த மாயாலோகக் கதைகள். இவற்றைப் பிள்ளைகள் கையிற் கொடுக்கலாமா என்ற ஐயம் பெற்றோர் பலருக்கு உண்டு. “பழைய கதையைக் கெடுத்துவிட்டார்கள்” என்பார் ஒரு சாரார். “கதை என்று சொல்லிச் சமயத்தைப் புகட்டுகின்றார்கள்” என்பார் மறு சாரார். இவ்விரு குற்றச்சாட்டுகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு நான்கு நூல்களை இவ்வாரம் நோக்குவோம்.

கெடுத்தவர் யார்?

முதலாவது குற்றச்சாட்டுக்கு வரலாறே விடை தருகின்றது. “சிவப்புத் தொப்பிச் சிறுமி” கதையை 1697ஆம் ஆண்டில் அச்சேற்றிய பிரான்ஸ் தேசத்துச் சார்ல்ஸ் பெரோ, அச்சிறுமியை ஓநாய் விழுங்குவதோடு கதையை முடித்துவிட்டார். அவளைக் காப்பாற்ற அங்கே எவரும் வரவில்லை. வேடன் வந்து ஓநாயின் வயிற்றைக் கிழித்து அவளை மீட்பது ஜேர்மனியின் கிறிம் சகோதரர் வெளியிட்ட கதையிலேதான். அச்சகோதரர்தாமும் ஏட்டில் எழுதியதை அப்படியே விட்டுவைத்தாரல்லர். 1812இல் வெளிவந்த அவர்களது முதற் பதிப்பில், வெண்பனி என்னும் சிறுமியைக் கொல்லத் துணிபவள் அவளைப் பெற்ற தாயே. பெற்றவள் இவ்வாறு செய்வாளோ என்று மனம் கூசியதனாற் போலும், 1819ஆம் ஆண்டுப் பதிப்பில் அத்தாயை மாற்றாந்தாய் ஆக்கினர். 1857இல் ஏழாம் பதிப்பு வரும்வரை திருத்தம் ஓயவில்லை.

ஆகவே, தேவதைக் கதைக்கு “மூலம்” என்று சுட்டத்தக்க ஒன்றைக் காண்பது அரிது. ஒவ்வொரு தலைமுறையும் தன் அச்சத்தையும் தன் நியாயத்தையும் அதிலே எழுதிச் சென்றிருக்கின்றது. இன்றைய ஆசிரியர் செய்வதும் அதுவே. மாற்றினாரா என்பதன்று கேள்வி. மாற்றியதனால் யாருக்கு நியாயம் கிடைத்தது என்பதே கேள்வி.

எமக்கும் புதிதன்று

இத்தகைய எழுத்து ஈழத்துக்குப் புதிதென எண்ணுவோர் எமது உரைநடைக் கதையின் தொடக்கத்தைத் திரும்பிப் பார்த்தல் நன்று. 1856இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த “காவலப்பன் கதை”, ஹன்னா மோர் என்னும் ஆங்கில மாதின் சமய உருவகக் கதையொன்றின் தமிழாக்கம். திருகோணமலை எஸ். இன்னாசித்தம்பி 1891இல் வெளியிட்ட “ஊசோன் பாலந்தை கதை”யோ, ஐரோப்பாவில் நெடுங்காலம் வழங்கிய இரட்டைப் பிள்ளைகளின் கதை. ஒருவன் காட்டிற் கரடியிடம் வளர்கின்றான். மற்றவன் அரசனது அவையில் வளர்கின்றான். சமயம் பேசும் கற்பனை, பழங்கதையின் மறுகூற்று ஆகிய இரண்டும் ஈழத்துத் தமிழ்க் கதை நடக்கப் பழகிய காலத்திலேயே அதன் இரு கைகளையும் பற்றியிருந்தன என்றால் மிகையாகாது.

வட்டிக்கடைக்காரன் மகள்

அமெரிக்க எழுத்தாளர் நவோமி நோவிக் எழுதிய “ஸ்பின்னிங் சில்வர்” 2018இல் வெளிவந்தது. வைக்கோலைப் பொன்னாக நூற்றுத் தந்துவிட்டு, கைம்மாறாகத் தலைப்பிள்ளையைக் கேட்கும் குள்ளனின் கதை எம்மிற் பலர் அறிந்ததே. அவனது பெயரைக் கண்டுபிடித்துவிட்டால் கொடுத்த வாக்கினின்று தப்பலாம். அரசி கண்டுபிடித்துத் தப்புகின்றாள். கேட்போர் கைகொட்டி மகிழ்கின்றனர். நோவிக்கின் கதாநாயகியாகிய மிரியம் எழுப்பும் வினா மிக எளியது: வாங்கிய கடனைக் கொடாமல் ஏய்த்தவளை அன்றோ நாம் இதுகாறும் புகழ்ந்து வந்திருக்கின்றோம்?

இவ்வினாவை எழுப்பும் உரிமை மிரியத்துக்கு உண்டு. அவள் யூத குலத்தவள். வட்டிக்குப் பணம் கொடுப்பவரின் மகள். மத்திய கால ஐரோப்பாவின் பல பாகங்களில் யூதருக்கு நிலம் வாங்கும் உரிமை இல்லை. கைத்தொழிற் சங்கங்களில் இடமும் இல்லை. கிறிஸ்தவர் வட்டி வாங்குவதைத் திருச்சபை விலக்கியிருந்தது. எனவே அத்தொழில் யூதரிடம் விடப்பட்டது. பின்னர் அத்தொழிலைச் செய்ததற்காகவே அவர்கள் வெறுக்கப்பட்டனர். இவ்வெறுப்புக் கிறிம் சகோதரரின் தொகுதியிலும் ஏறியுள்ளது. முட்புதரிலே யூதன் ஒருவனை நடனமாட வைத்து, ஈற்றில் அவனைத் தூக்கிலிடும் கதையொன்று அதில் வேடிக்கைக் கதையாகவே இடம்பெறுகின்றது. குழந்தைகள் சிரிப்பதற்கென எழுதப்பட்ட அப்பக்கங்களை இன்று வாசிக்க நெஞ்சு பதைக்கின்றது.

மிரியத்தின் தந்தை இளகிய மனத்தர். கொடுத்த பணத்தைக் கேட்டு வாங்க வாயெழாதவர். ஊரார் அவர் பணத்திலே உண்டு உடுத்திருக்க, அவர் வீட்டிலோ பசியும் குளிரும் குடியிருக்கின்றன. தாய் நோயுறவே, மகள் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு தானே கடன் கேட்கப் புறப்படுகின்றாள். வெள்ளியைப் பொன்னாக்க வல்லவள் என்று அவள் சொன்ன ஒரு சொல், பனிக்காட்டின் மாய அரசனது செவியில் விழுகின்றது. அதன் பின்னர் நிகழ்வனவற்றை வாசகரே படித்தறிக.

எம்மை மிகவும் கவர்ந்தவள் மிரியமன்று. வான்டா என்னும் குடியானவப் பெண்ணே. தகப்பன் பட்ட கடனைத் தீர்ப்பதற்காக அவள் மிரியத்தின் வீட்டில் வேலைக்கு வருகின்றாள். குடித்துவிட்டு அடிக்கும் தகப்பனின் வீட்டைவிட அவ்வேலை அவளுக்குச் சொர்க்கம். கணக்கேட்டின் எண்களை அவள் கற்றுக்கொள்ளும் இடத்தில், கல்வியே மந்திரமாகி நிற்கின்றது. மாயம் நிறைந்த நூலில் மாயமற்ற இப்பகுதியே உச்சம் என்பது எமது கருத்து. குறையும் உண்டு. கதையைப் பலர் மாறி மாறித் தம் வாயாற் சொல்லுகின்றனர். பேசுபவர் பெயரோ தலைப்பில் இல்லை. முதல் நூறு பக்கங்களிற் சிறிது பொறுமை வேண்டும்.

பிரார்த்தனையும் கதைப்பின்னலும்

இனி, இரண்டாவது குற்றச்சாட்டுக்கு வருவோம். சி. எஸ். லூயிஸ் 1950 முதல் 1956 வரை வெளியிட்ட ஏழு நார்னியா நூல்களும், ஜே. ஆர். ஆர். டோல்கியன் 1954, 1955ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட “மோதிரங்களின் தலைவன்” என்னும் பெருங்கதையும் இத்துறையின் இரு வழிகளைக் காட்டுகின்றன. இருவரும் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தவர்; நண்பர்; கிறிஸ்தவர். லூயிஸின் சிங்கம் யாரைக் குறிக்கின்றது என்பது வாசகருக்கு விரைவில் விளங்கிவிடும். டோல்கியனோ உருவகக் கதையை விரும்பாதவர். அவரது நூலில் கோயிலையோ குருமாரையோ தேடிக் காண்பது அரிது. ஆயினும் இரக்கமும் தியாகமும் அதன் ஒவ்வொரு பக்கத்திலும் உண்டு. பின்வந்தோர் இவ்விரு வழிகளுள் ஒன்றையோ, இரண்டின் கலப்பையோ மேற்கொள்ளுகின்றனர்.

மெலனி டிக்கர்சனின் “தி ஹீலர்ஸ் அப்பிரென்டிஸ்” (2010) உறங்கும் அழகியின் கதையை 14ஆம் நூற்றாண்டு ஜேர்மனியில் வைத்துச் சொல்லுகின்றது. விறகுவெட்டியின் மகள் ரோஸ், மருத்துவம் செய்யும் முதியவளிடம் தொழில் பயில்கின்றாள். காயமுற்று வரும் பிரபுவின் மகனோ வேறொருத்திக்கு நிச்சயிக்கப்பட்டவன். கொடுத்த வாக்குக்கும் நெஞ்சின் விருப்புக்கும் இடையே இருவரும் படும் துன்பம் நேர்மையாகச் சொல்லப்படுகின்றது. கண்ணியமான காதற்கதை, வீட்டில் எவரும் வாசிக்கத்தக்கது. ஆயினும், பழங்கதையை அறிந்தவர் ரோஸ் யாரென்பதை வெகு முன்னரே ஊகித்துவிடுவர். கதைப்பின்னல் அவிழ்வதை ஆசிரியர் அறிவது போல வாசகரும் அறிந்திருந்தால், நாயகியின் பிரார்த்தனைக்கு விடை கிடைக்குமோ என்ற நடுக்கம் எங்ஙனம் பிறக்கும்? நம்பிக்கையின் வலிமை தெரிவதற்கு ஐயத்தின் இருளும் வேண்டும்.

அவ்விருளை அஞ்சாமற் காட்டுபவர் அன்ட்ரூ பீற்றர்சன். பாடகராகவும் விளங்கும் இவர் 2008 முதல் 2014 வரை வெளியிட்ட “விங்ஃபெதர் சாகா” நான்கு நூல்களாலானது. பல்லி முகம் கொண்ட கொடியோர் ஆளும் நாட்டில், தாயும் பாட்டனும் மூன்று பிள்ளைகளும் அஞ்சி வாழ்கின்றனர். கடைக்குட்டியாகிய சிறுமி ஊன்றுகோலின்றி நடக்க இயலாதவள், இசையில் வல்லவள். மூத்தவன் ஜானருக்கு ஒரு விந்தையான உண்மை தெரியவருகின்றது. அவர்களது குல வழக்கப்படி முடி இளையவனுக்கே உரியது. மூத்தவன் அவனைக் காக்கும் காவலன். தம்பியின் பொறுப்பைச் சுமந்து சலித்த எந்த அண்ணனும், எந்த அக்காளும் இவ்விடத்தில் ஜானரின் மனக்குமுறலை உடனே உணர்வர். பின்னர் தம்பி தன் பலவீனத்தால் தவறி விழுந்து, ஊரார் வெறுக்கும் உருவத்தை அடைகின்றான். அப்பொழுதும் அவனருகில் நிற்பதுதான் காவல் என்பதை மூன்றாம் நூல் காட்டுகின்றது. மன்னிப்பைப் பற்றிய பிரசங்கம் எதுவும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிராது. முதல் நூலில் வேடிக்கைக் குறிப்புகள் மலிந்து கதை சற்றுத் தளர்கின்றது. வீட்டில் உரக்க வாசித்துக் கேட்பிப்போர்க்கு அதுவே சுவையாகவும் அமையலாம்.

ஜின்களின் நூல்

நான்காவது நூல், இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்கப் பெண்மணி ஜி. வில்லோ வில்சன் எழுதிய “அலிஃப் தி அன்சீன்” (2012). இதற்கு 2013இல் உலக மாயாலோகக் கதை விருது கிடைத்தது. வளைகுடாவில் பெயர் சொல்லப்படாத ஒரு நாடு. அரபுத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்த கணினி வல்லுநனான இளைஞன். அவனைத் துரத்தும் அரசாங்கம். ஜின்கள் சொன்னதாகக் கூறப்படும் பழைய கதைநூல் ஒன்று அவன் கைக்கு வருகின்றது. அவனுக்குத் துணை நிற்கும் ஜின்னின் பெயர் விக்கிரம்! வேதாளத்தின் கதைகளைக் கேட்டு வளர்ந்த எமது பிள்ளைகள் இப்பெயரைக் கண்டதும் புன்னகை செய்வர். பகட்டான காதலியின் பின்னே அலைந்த இளைஞன், அடுத்த வீட்டில் முகத்திரை அணிந்து வாழும் தீனா என்பவளின் துணிவையும் அறிவையும் காலந்தாழ்த்தி உணர்வதே நூலின் உட்பொருள். முகத்தை மறைத்தவளைக் காணாதிருந்த குற்றம் அவன் கண்ணினுடையதே. சிறைக்கொடுமையும் முதிர்ந்தோர்க்குரிய செய்திகளும் இடையே வருதலின், க.பொ.த. உயர்தர வகுப்புக்கு மேற்பட்டோர்க்கே இதனைப் பரிந்துரைப்போம்.

பெற்றோர்க்கு ஒரு சொல்

யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம்கள் ஆகியோரின் நம்பிக்கைகள் இந்நூல்களில் வருகின்றன. பிற சமயக் கதையை வாசித்த பிள்ளை தன் சமயத்தை விட்டு விலகிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது வேறொன்று: பிறரைக் கேலிப்பொருளாக்கும் கதையைக் கேட்டுச் சிரித்துப் பழகிய பிள்ளை, அச்சிரிப்புடனேயே வளர்ந்துவிடுவது. பல சமயத்தார் ஒரே தெருவிலும் ஒரே வகுப்பிலும் வாழும் எமது நாட்டில் அச்சிரிப்பின் விலை என்ன என்பதை எவரும் எமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பீற்றர்சனை வாசித்துக் காட்டுக. பதினான்கு வயதைக் கடந்த பெண்பிள்ளைகள் டிக்கர்சனை விரும்பக்கூடும். நோவிக்கின் நூலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்குமுன் பெற்றோரும் ஒரு முறை படித்தல் நலம். அது தமக்காகவே எழுதப்பட்டதோ என்று அவர்களே எண்ணினும் வியப்பில்லை. வாசித்து முடித்ததும் பிள்ளைகளிடம் ஒரு வினாவை மட்டும் கேளுங்கள்: “இக்கதையை அதிலே தோற்றவன் சொல்லியிருந்தால் எப்படிச் சொல்லியிருப்பான்?” விடை சொல்லத் தொடங்கும் பிள்ளை, தானும் ஒரு பழங்கதையைப் புதிதாகச் சொல்லத் தொடங்கிவிட்டது.