பளபளக்கும் அட்டையும் பத்து மதிப்பெண்ணும்

அயல்நாட்டு நிறுவனமொன்று ஒரு கிரிக்கெட் அட்டையைக் கண்ணாடி போன்ற பேழைக்குள் அடைத்து, ‘பத்துக்குப் பத்து’ என்று முத்திரையிட்டுவிட்டால் அது முதலீடாகிவிடும் என்று நம் வீட்டு இளைஞர்களுக்கு இப்போது ஓதப்படுகிறது. இதை நான் முற்றாக மறுக்கிறேன். அதே வேளையில், ‘ஹராம்’ என்ற ஒற்றைச் சொல்லை எறிந்துவிட்டு எழுந்து போகும் பெரியவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கேள்வி கேட்கும் பிள்ளைக்குக் கணக்கும் காட்ட வேண்டும், சட்டமும் சொல்ல வேண்டும்.

கேட்டவன் என் தங்கை மகன். மாஞ்சோலையில் பிறந்து வளர்ந்தவன். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கப்பட்ட அந்தத் தோட்டத்தில் என் தங்கை இருபது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவள். குத்தகை 2028-இல் முடிகிறது. அதற்கு முன்பாகவே, 2024-இல், விருப்ப ஓய்வு என்ற பெயரில் எல்லாருக்கும் கணக்கு முடிக்கத் தொடங்கினார்கள். லயத்து வீட்டைக் காலி செய்வதற்காகச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் அலமாரியின் அடியிலிருந்து அவனுடைய பிஸ்கட் டின் வெளியே வந்தது. உள்ளே டாப்ஸ் நிறுவனத்தின் கிரிக்கெட் அட்டாக்ஸ் அட்டைகள். அவற்றில் இருபதுக்குச் சற்று மேல் பொன்னிறமும் வெள்ளியுமாக மின்னுபவை. “மாமா, இதை அமெரிக்காவுக்கு அனுப்பி கிரேடிங் போட்டா ஒண்ணொண்ணும் ஆயிரக்கணக்குல போகுமாம். உம்மா பணத்துல கொஞ்சம் கேக்கட்டுமா?” என்றான். அந்த ‘உம்மா பணம்’ எது என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். மலையிலிருந்து இறங்கி, கீழே ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்காக வைத்திருந்த தொகை அது.

கிரேடிங் என்பது என்ன? பி.எஸ்.ஏ. 1991 முதல் இந்தத் தொழிலைச் செய்துவருகிறது. பெக்கெட் போன்ற வேறு நிறுவனங்களும் உண்டு. அச்சு நடுவில் விழுந்திருக்கிறதா, மூலைகள் கூராக இருக்கின்றனவா, விளிம்பு உதிர்ந்திருக்கிறதா, மேற்பரப்பில் கீறல் இருக்கிறதா என்று பார்த்து, ஒன்றிலிருந்து பத்துக்குள் மதிப்பெண் இடுவார்கள். சாதாரண அட்டையில் கண்ணுக்குத் தெரியாத கீறல், மின்னும் அட்டையில் விளக்கைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தவுடன் கத்தி இழுத்த கோடுபோல் தெரியும். விரல் ரேகையும் அப்படியே. வெட்டிய விளிம்பில் வெள்ளிப் பூச்சு பொடிப்பொடியாக உதிர்ந்து வெண்மை தெரியும். பளபளப்பு என்பது அழகைக் கூட்டுவதைப்போலவே குறையையும் கூட்டிக் காட்டும் பொருள். ஃபாயில் அட்டை பத்து வாங்குவது அதனாலேயே கடினம்.

மாஞ்சோலையின் மழையையும் இத்துடன் சேர்த்துக்கொள்ளுங்கள். நாலுமுக்கிலும் ஊத்திலும் பெய்யும் மழை தமிழ்நாட்டில் வேறு எங்கும் எளிதில் பெய்யாத மழை. துவைத்த துணி வாரக்கணக்கில் காயாத ஊர் அது. ஃபாயில் அட்டையின் ஒரு பக்கம் காகிதம், மறுபக்கம் ஈரம் குடிக்காத படலம். காகிதம் ஈரத்தை இழுத்து விரியும், படலம் விரியாது, அட்டை வில்லாக வளையும். மருமகனின் டின்னில் மேசைமேல் படிந்து கிடந்த அட்டை ஒன்றுகூட இல்லை. தெண்டுல்கரும் தோனியும் ஆளுக்கொரு பக்கம் வளைந்து கிடந்தார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். பெயர்பெற்ற நிறுவனங்களில் ஓர் அட்டைக்கு இருபது டாலர் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். இருபது அட்டைக்கு 400 டாலர். நம் பணத்தில் 33,000 ரூபாய்க்கு மேல். அதன்மேல் போகவர அஞ்சல் செலவு, காப்பீடு, இடைத்தரகர் கூலி, திரும்பி வருகையில் சுங்கம். இத்தனையும் கொடுத்தபின் பத்து வந்தால் இலாபம் என்கிறார்கள். பத்து வராவிட்டால்? இதில் தேர்ந்த சேகரிப்பாளர்கள் பத்தை வைத்துக் கணக்குப் போடுவதில்லை. ஒன்பது வந்தால் என்ன விலை என்றுதான் பார்ப்பார்கள். ஒன்பதின் விலை, அட்டையின் இன்றைய விலையையும் கட்டணத்தையும் அஞ்சலையும் தாண்டினால் அனுப்பலாம், தாண்டாவிட்டால் அனுப்பலாகாது. ஐந்நூறு ரூபாய் அட்டைக்கு 1,700 ரூபாய் கட்டணம் கட்டுகிறவன் சேகரிப்பாளன் அல்லன், மதிப்பெண்ணின்மேல் பந்தயம் கட்டுகிறவன். பெருந்தொற்றுக் காலத்தில் உலகம் முழுவதும் இந்தப் பந்தயம் எவ்வளவு முற்றியது என்றால், குவிந்த அட்டைகளைச் சமாளிக்க முடியாமல் 2021 மார்ச்சில் பி.எஸ்.ஏ. தன் சேவைகளில் பெரும்பாலானவற்றை நிறுத்திவைக்க நேர்ந்தது. அந்த வேகம் அடங்கியபின் பல அட்டைகளின் விலையும் இறங்கிற்று.

முத்திரைமேல் இவ்வளவு நம்பிக்கை வைப்போர் ஒரு வரலாற்றை அறிந்துகொள்வது நல்லது. பி.எஸ்.ஏ. முதல் எண் இட்டுச் சான்றளித்த அட்டை, ஹோனஸ் வாக்னர் என்ற அமெரிக்க பேஸ்பால் வீரருடையது. நூறாண்டுக்கு முன் சிகரெட் பெட்டிகளோடு வந்தது. ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய கூட்டாளியும் 1991-இல் அதை 4,51,000 டாலருக்கு வாங்கினார்கள். மதிப்பெண் எட்டு. 2007-இல் அதன் விலை 28 இலட்சம் டாலர். 2013-இல் பில் மாஸ்ட்ரோ என்ற ஏல வணிகர் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, அந்த அட்டையின் விளிம்புகளைத் தாமே வெட்டிச் சீராக்கியதையும் ஒப்புக்கொண்டார். வெட்டிய அட்டைக்கு மதிப்பெண்ணே இடலாகாது என்பது இத்தொழிலின் விதி. உலகின் மிகப் புகழ்பெற்ற முத்திரையின் கதையே இதுவென்றால், தபால்பெட்டியில் போய்வரும் நம் அட்டைகளின் முத்திரையை வேதவாக்காகக் கொள்வானேன்?

தேயிலைக்கும் தரம் பிரிப்பது உண்டே என்று மருமகன் மடக்கினான். உண்டு, அவன் தாயின் கை பறித்த இலையே ஆலைச் சல்லடையில் பி.ஓ.பி., டஸ்ட் என்று பிரிந்ததுதான். ஆனால் அந்தப் பெயர் இலைத்துகளின் அளவைச் சொல்கிறது. தேயிலை போய்ச் சேருவது ஒருவருடைய கோப்பைக்கு. அட்டையிலோ மதிப்பெண்தான் பண்டம். பேழையைத் திறந்தால் மதிப்பெண் போய்விடும் என்பதால், எந்தப் பையனும் அதை இனிக் கையில் எடுத்து விளையாடப்போவதில்லை.

இனிச் சட்டம். மதிப்பிடுவதற்குக் கூலி வாங்குவது ஒரு வேலைக்கான கூலி. அதில் குற்றம் காண எனக்குத் தெரியவில்லை. குற்றம் வேறிடங்களில் இருக்கிறது. அரிய அட்டை உள்ளே இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்ற ஆசையைக் காட்டி விற்கும் மூடிய பாக்கெட், அந்த ஆசைக்காகவே வாங்கப்படும்போது சூதின் வாடை அடிக்கிறது. எண்பது, தொண்ணூறுகளில் சிறுவர்களாக இருந்த நாங்கள் பபிள்கம்முக்காகப் பபிள்கம் வாங்கினோம், அட்டை கூடவே வந்தது. இன்று பிள்ளைகள் எண்ணூறு ரூபாய் பெட்டியை உடைத்து, வேண்டாத அட்டையைக் குப்பையில் போடுகிறார்கள். தம் நண்பர்களையே ஏலத்தில் விலை ஏற்றிவிடச் சொல்வதும் நடக்கிறது. ‘நஜ்ஷ்’ என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பெயர் சொல்லித் தடுத்த செயல் அது. வளைந்த அட்டையைப் புத்தகக் கட்டின் கீழே அழுத்தி நிமிர்த்தி, கீறலுக்கு மெழுகு தேய்த்து, வாங்குபவரிடம் வாய் திறக்காமல் விற்பது இன்னொன்று. சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்ட நபியவர்கள், அடியில் ஈரம் கண்டு, மழையில் நனைந்ததென்று சொன்ன வியாபாரியிடம், மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட நிகழ்வு நம் மதரஸாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அங்கும் மழைதான், இங்கும் மழைதான்.

‘முதலீடு’ என்று பெருமை பேசுவோரிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. விற்பதற்காக வாங்கி வைத்த பொருள் வணிகச் சரக்கு. நிஸாபை எட்டி ஓராண்டு கடந்தால் அன்றைய சந்தை விலையில் 2.5 விழுக்காடு ஜகாத் உண்டு. பேழை அடுக்கைக் காணொளியில் காட்டும் நம் இளைஞர்களில் எத்தனை பேர் அதைக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள்? (அட்டையில் உருவப்படம் இருப்பதைப் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, அதற்குள் இங்கே போகவில்லை.)

“இதெல்லாம் சின்னப் பையனின் ஆசை, விட்டுவிடுங்கள் காக்கா” என்று தங்கையே சொன்னாள். ஆசையை நான் தடுக்கவில்லை. டின்னோடு அட்டைகளை வைத்திரு, ஒவ்வொன்றையும் உறையிலிட்டு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் போட்டு வை, விளையாடு, நண்பனுக்குக் கொடு என்றேன். உம்மாவின் பணத்தைத் தொடாதே என்பது மட்டுமே என் நிபந்தனை.

இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் நூறு ரூபாய் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இருபத்து மூன்று அட்டைகளையும் விளக்கடியில் சாய்த்துப் பார்த்து, குறைகளை நோட்டில் எழுதினான். தேறியது ஒன்று, அதற்கும் ஒன்பதின் விலை கட்டணத்தைத் தாண்டவில்லை. அம்பாசமுத்திரத்துப் பையன் ஒருவன் ஆறு அட்டைகளைக் கேட்டிருக்கிறான். வளைவையும் கீறலையும் எழுதிய அந்த நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து முதலில் அவனுக்கு அனுப்பியிருக்கிறான் மருமகன். விலை இன்னும் படியவில்லை.