அடுத்த வீட்டுப் பொட்டலம் உங்கள் பெட்டிக்குள் எதற்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். சிலருக்குக் கோபம் வரலாம். வந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தென்காசிப் பக்கத்திலிருந்து இப்போது நிறையப் பேர் முதன்முறையாகச் சிங்கப்பூர், மலேசியா சுற்றிப் பார்க்கப் போகிறார்கள். ரொம்ப சந்தோஷம். ஆனால் பயணச்சீட்டு எடுத்த செய்தி தெருவுக்குத் தெரிந்த மறுநாளே ஆட்கள் வந்துவிடுகிறார்கள். "மயினி, ஒரு சின்னப் பொட்டலந்தான். பெட்டியில ஓரமாப் போட்டுக்கிடுங்க. பையன் ஏர்போர்ட்டுக்கே வந்து வாங்கிக்கிடுவான்." இப்படி நாலு பேர் கொடுத்தால் பெட்டி நிறைந்துவிடும். போகிறவர்களின் மாற்றுத்துணிக்கு இடம் இருக்காது.

இந்தப் பழக்கத்தை அடியோடு விட வேண்டும் என்கிறேன் நான்.

"இது ஊர்ப்பாசம் டீச்சர்" என்பீர்கள். கடையநல்லூர், தென்காசி மக்கள் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் போன காலத்தில் அது பாசம்தான். வேறு வழியும் இல்லை. இன்று தபால் நிலையத்திலேயே வெளிநாட்டுப் பார்சல் வாங்குகிறார்கள். கூரியர் இருக்கிறது. சிங்கப்பூர் முஸ்தபா கடையில் கிடைக்காத பொடியும் ஊறுகாயும் உண்டா? குற்றால மங்குஸ்தானை மலேசியாவுக்குச் சுமந்து போகிறவரைக் கண்டால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. அந்தப் பழத்தின் பூர்வீகமே அந்தப் பக்கம்தான். திருநெல்வேலிக்கே அல்வாவா?

சிரிக்க முடியாத விஷயமும் இருக்கிறது. நாம் குருமாவுக்கு அரைக்கும் கசகசா, சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் தடை செய்யப்பட்ட பொருள். அது அபின் செடியின் விதை. மசாலாப் பொடியில் கசகசா சேர்த்திருக்கிறதா என்று பொட்டலத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? பாட்டி போடும் வாய்ப்புகையிலையும் சிங்கப்பூரில் தடை. ஒரு பாக்கெட் சிகரெட்டுக்குக்கூட அங்கே வரி கட்ட வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் சுத்த ஹெராயின் கொண்டுவந்த குற்றத்துக்கு மரண தண்டனை உண்டு. போதைப்பொருள் இருந்த பை உங்கள் கையில் இருந்தால், அது உங்களுடையது, அதில் இருப்பது உங்களுக்குத் தெரியும் என்றுதான் அந்த நாட்டுச் சட்டம் எடுத்துக்கொள்ளும். "எனக்குத் தெரியாது" என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான். பொட்டலம் தந்தவர் நல்லவராகவே இருக்கலாம். அவருக்கு அதைத் தந்தவர் யார்? அந்தக் கேள்விக்கு அங்கே போய் நின்று பதில் சொல்லப்போவது அவரா, நீங்களா?

"முகத்துக்கு நேரே எப்படி மறுப்பது?" என்பார்கள். விமான நிலையத்தில் "இந்தப் பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா?" என்று கேட்டால், உண்மையாக "ஆமாம்" என்று சொல்ல முடிய வேண்டும். அதையே காரணமாகச் சொல்லுங்கள். அதற்கு மேலும் வற்புறுத்துகிறவருக்குப் பொட்டலத்தின் மேல்தான் அக்கறை, உங்கள் மேல் இல்லை.

பொட்டலம் வாங்கி அடுக்கும் நேரத்தில் இவற்றைச் செய்யுங்கள்:

1. பாஸ்போர்ட் காலாவதியாக 6 மாதமாவது இருக்கிறதா என்று பாருங்கள். விசாவிலும் பயணச்சீட்டிலும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.

2. சிங்கப்பூர் வருகை அட்டையை, போய்ச் சேரும் நாளையும் சேர்த்து 3 நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் அது இலவசம். காசு கேட்கும் தளத்தில் கட்டாதீர்கள்.

3. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். பிரித்து டப்பாவில் கொட்டாதீர்கள். தூக்க மாத்திரைக்கும் கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் முன் அனுமதி தேவைப்படலாம். கிளம்பச் சில வாரம் முன்பே விசாரியுங்கள்.

4. பவர்பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். எண்ணெய், ஊறுகாய் எல்லாம் பெரிய பெட்டியில். கைப்பையில் திரவம் என்றால் ஒரு பாட்டில் 100 மில்லிக்கு மேல் கூடாது. கொப்பரைத் தேங்காயில் எண்ணெய் இருப்பதால் எளிதில் தீப்பிடிக்கும். விமான நிறுவனத்திடம் கேட்காமல் எடுத்துப் போகாதீர்கள்.

5. தங்கும் இடத்தின் முகவரியையும் அங்குள்ள உறவினரின் எண்ணையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். செல்போன் சார்ஜ் தீர்ந்தாலும் தாள் கைகொடுக்கும்.

வெளிநாட்டில் இருக்கும் என் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. அறுபது வயதில் முதன்முறை விமானம் ஏறும் பெரியவர்களிடம் "அவன் வீட்டுச் சாமானையும் வாங்கிட்டு வாங்க" என்று சொல்லாதீர்கள். அவர்கள் ஊர் பார்க்க வருகிறார்கள், சுமை தூக்க அல்ல.

இதை வாசித்துவிட்டு யாராவது என் வீட்டுக்குப் பொட்டலத்தோடு வந்தால் காபி தருவேன். பொட்டலத்தை வாங்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்