நெக்ஸ்ட் பட்டனும் நாலாம் வருஷமும்

போன வாரம் ஆபீஸ்ல ஒரு மெயில். "நமது நிறுவனத்தின் புதிய டிஜிட்டல் கற்றல் தளம்" அப்படின்னு ஒரே பூரிப்பு. பத்து வருஷத்துல இது மூணாவது புதிய தளம். முதல் தளத்துல நான் முடிச்ச கோர்ஸ் எதுவும் ரெண்டாவதுக்கு வரல. ரெண்டாவதுல முடிச்சது மூணாவதுக்கு வராதாம். ஆக, தீயணைப்புக் கருவியை எப்படிப் பிடிக்கணும்னு நான் மூணாவது தடவையா முதல் தடவை கத்துக்கப் போறேன் :-)

மணவூர்ல ஏறி திருவள்ளூர்ல இறங்கி கம்பெனி பஸ் புடிச்சுப் போற ஆளு நான். உக்கார இடம் கிடைச்ச அன்னிக்கு ரயில்லயே இந்த கோர்ஸையெல்லாம் முடிச்சிருவேன். முடிச்சிருவேன்னா... நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட். கடம்பத்தூர் வர்றதுக்குள்ள "வாழ்த்துகள், நீங்கள் தேர்ச்சி பெற்றுவிட்டீர்கள்". நம்மள்ல பொட்டி தட்டுற முக்கால்வாசிப் பேர் இதைத்தான் பண்றோம். இல்லைன்னு சொல்றவங்க கை தூக்குங்க.

இதுவரைக்கும் காமெடி. எரிச்சல் வந்தது வேற ஒரு விஷயத்துல.

எங்க பிரஸ் ஷாப்புல ஒரு அண்ணன் இருந்தார். டை மாத்தினதுக்கப்புறம் செட்டிங் பண்றதுல அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மெஷின் அடிக்கிற சத்தத்தை வெச்சே, "தம்பி, இடது பக்கம் தூக்குது பாரு"ன்னு சொல்லுவார். போய்ப் பார்த்தா தூக்கியிருக்கும். அவருக்கும் வருஷா வருஷம் ஆன்லைன் கோர்ஸ் வந்துச்சு, இங்கிலீஷ்ல. பக்கத்துல இருக்கிற அப்ரன்டிஸ் பையன் அவர் ஐடியில போய் நெக்ஸ்ட் அடிச்சுக் குடுப்பான். அண்ணன் போன வருஷம் ரிட்டயர் ஆயிட்டார். டேஷ்போர்டுல அவர் கணக்கு கடைசி வரைக்கும் பச்சை, 100 சதவீதம் பயிற்சி பெற்றவர். அவர்கிட்டருந்து கம்பெனி கத்துக்கிட்டது சைபர். இப்ப டை மாத்துற ஷிப்ட்டுல எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்க்கிறோம்.

அந்த ஆள் இருக்கும்போது ஒரு செல்போனைத் தூக்கிப் பிடிச்சு, "அண்ணே, இதை எப்படிப் பண்றீங்க?"ன்னு கேட்க இங்க யாருக்கும் தோணல. எனக்கும்தான். ஆனா லைசென்ஸ் வாங்கினோம். ஆளுக்கு இவ்ளோன்னு வருஷத்துக்கு ஒரு தடவை கட்டினோம். அதுக்குப் பேரு 'நீண்டகால டிஜிட்டல் கற்றல் கொள்கை'யாம். கொள்முதலுக்கும் கொள்கைக்கும் 'கொள்' ஒண்ணுதான் பொது. அதைத் தாண்டி ஒரு சம்பந்தமும் கிடையாது.

இது ஒரு கம்பெனி வியாதின்னு நினைச்சிராதீங்க. 2011 செப்டம்பர் 15, நம்ம மாவட்டத்துல, திருவள்ளூர் பக்கத்துல இருக்கிற காக்களூர்லதான் இலவச லேப்டாப் திட்டத்தை ஆரம்பிச்சாங்க. அடுத்த எட்டொன்பது வருஷத்துல 50 லட்சத்துக்கு மேல குடுத்தாங்க. 'இலவசம்'னு மூக்கைச் சுளிக்கிற கோஷ்டியில நான் இல்ல. எங்க தெருவுல முதல் கம்ப்யூட்டர் வந்ததே அப்படித்தான். அந்தப் புள்ள இன்னிக்கு வேலையில இருக்கு. என் சண்டை வேற. பேட்டரி போனா யாரு மாத்துறது, அந்த லேப்டாப்பை வெச்சு திங்கட்கிழமை மூணாவது பீரியட்ல எந்தப் பாடம் நடக்கும், இதுக்கெல்லாம் பதில் பொட்டிக்குள்ள வரல. அப்புறம் கொரோனா காலத்தோட விநியோகமே நின்னு போச்சு. பொட்டி ரொம்பத் தேவைப்பட்ட நேரத்துல! 2025 பட்ஜெட்ல மறுபடி, 20 லட்சம் கல்லூரிப் பசங்களுக்கு ரெண்டு வருஷத்துல டேப்லட்டோ லேப்டாப்போ, 2,000 கோடின்னு அறிவிச்சாங்க. நல்லது. நாலாம் வருஷத்துக்கு எவ்ளோ ஒதுக்கியிருக்கு?

பார்டருக்கு அந்தப் பக்கம் போவோம். திருத்தணியிலருந்து பஸ் ஏறினா நகரி. ஆந்திர அரசு 2022ல பைஜூஸ் கூட ஒப்பந்தம் போட்டு, அந்த டிசம்பர்ல எட்டாவது படிக்கிற பசங்களுக்கும் டீச்சர்களுக்கும் 5 லட்சத்துக்கு மேல டேப்லட் குடுத்தாங்க. உள்ள பைஜூஸ் பாடம், அதுவும் இலவசம்னு சொன்னாங்க. 2024 ஜூலையில பைஜூஸ் திவால் நடவடிக்கைக்குப் போயிருச்சு. காரணம், கிரிக்கெட் ஸ்பான்சர் காசு 158 கோடி பாக்கி! கொஞ்சம் முன்னாடி ஜூன்லதான் ஆட்சியும் மாறியிருந்தது. டேப்ல ஏத்தி வெச்ச பாடம் அப்படியே இருக்கலாம். புத்தகம் மாறினா அடுத்த பாடத்தை யாரு எழுதுறது? பாடமே அடுத்தவன் சொத்துன்னா அவன் கடையைச் சாத்தும்போது நம்ம வகுப்பும் சாத்திக்கும். இதைச் சொல்ல பெரிய நிபுணர் வேணாம், ஆந்திரா வரைக்கும்கூடப் போக வேணாம், எங்க கம்பெனி ரெண்டாவது தளத்தைக் கேட்டாலே சொல்லும்.

எங்க முதல் தளத்துல கொஞ்சம் உருப்படியான அனிமேஷன் பாடங்கள் இருந்துச்சு. எல்லாம் ஃப்ளாஷ். 2020 டிசம்பர் 31ஓட அடோபி ஃப்ளாஷுக்கு மூடுவிழா நடத்துச்சு. அறிவிப்பு 2017லயே வந்தது, மூணரை வருஷ அவகாசம். மாத்தி வைக்கிறது யாரோட வேலைன்னு எங்கயும் எழுதலை, அதனால யாரும் மாத்தலை. எங்க ஊருக்கு அடுத்த ஸ்டேஷன் திருவாலங்காடு. ராஜேந்திர சோழனோட செப்பேடு, 31 ஏடு, 1905ல கிடைச்சது. ஆயிரம் வருஷம் கழிச்சும் படிக்க முடியுது. 2009ல நாங்க காசு குடுத்து செஞ்ச பாடம் இன்னிக்கு ஒரு பிரவுசர்லயும் திறக்காது. (செப்பேட்டுல எல்எம்எஸ் போடச் சொல்றியான்னு கேக்காதீங்க.)

மதுரைத் திட்டம் எப்படி நிலைச்சுது? 1998 பொங்கலுக்கு முனைவர் கல்யாணசுந்தரம் முன்னால நிக்க, தன்னார்வலர்கள் தட்டச்ச ஆரம்பிச்சாங்க. காசும் கிடையாது, தளம்னு பெருசா ஒண்ணும் கிடையாது. முதல்ல டிஸ்கி, அப்புறம் யூனிகோடு. எழுத்துரு மாறினப்போ கோப்பையும் மாத்தினாங்க. ஏன்னா கோப்பு அவங்க கையில இருந்துச்சு, மாத்துறது தங்க வேலைன்னு நினைக்கிற ஆட்களும் இருந்தாங்க. எந்த மென்பொருள் வாங்கினாங்கன்னு யாராவது கேட்டோமா?

"அது சின்னக் குழு, பெரிய நிறுவனத்துக்கு ஒத்து வராது"ம்பீங்க. சரி, கேரளாவைப் பாருங்க. 2001ல ஐடி அட் ஸ்கூல். 2005ல விக்டர்ஸ் சானல். கட்டற்ற மென்பொருள். ஒவ்வொரு பள்ளிக்கூடத்துலயும் இதுக்குப் பொறுப்பா ஒரு ஆசிரியர். 2017ல அதையே கைட்னு ஒரு அரசு நிறுவனமா மாத்தினாங்க. 2001, 2006, 2011, 2016னு நாலு தேர்தல்ல ஆட்சி மாறி மாறித்தான் வந்தது. வந்தவங்க பேரை மாத்தினாங்க, வேலையை நிறுத்தல. அதனாலதான் 2020 ஜூன் 1ஆம் தேதி, ஊரே முடங்கிக் கிடக்கும்போது, 'ஃபர்ஸ்ட் பெல்'னு அந்தச் சானல்லயே பாடத்தைத் தொடங்க முடிஞ்சுது. பதினஞ்சு வருஷமா ஓடிட்டிருந்த சானல், பழகின ஆட்கள். நம்ம ஊர்லயும் நல்லது இல்லாம இல்ல. 2018 புத்தகத்துல க்யூஆர் கோடு, 2019 ஆகஸ்ட்ல கல்வித் தொலைக்காட்சி, ரெண்டும் சொந்தக் கால்ல நிக்கிற வேலை. ஆனா நான் பார்த்த ஒரு பள்ளிக்கூடத்துல ஸ்மார்ட் டிவி மேல துணி போட்டு மூடியிருந்தது. ஏன் சார்னு கேட்டேன். "ஒடஞ்சா என் சம்பளத்துல புடிப்பாங்களோன்னு பயமா இருக்கு சார்"னாரு. இந்த ஒரு பயத்தைப் போக்க ஒரு பக்க சுற்றறிக்கை போதும். டிவி வாங்குறதை விட ரொம்ப மலிவு.

இந்த வாரம் மீட்டிங்ல மூணு கேள்வி கேட்டேன். இந்தத் தளத்தை விட்டு வெளிய வரும்போது எங்க பாடத்தை என்ன வடிவத்துல தருவாங்க? நாலாம் வருஷத்துல இதைப் பார்த்துக்கிற ஆள் யாரு, அவருக்கு வேற ஆணி எவ்ளோ குறையும்? ஷாப்புல தமிழும் தெலுங்கும் பேசுறவங்களுக்கு இங்கிலீஷ் கோர்ஸ் எதுக்கு? முதல் ரெண்டுக்கும் "வெண்டர்கிட்ட கேட்டுச் சொல்றோம்". மூணாவதுக்கு, மெஷின் மொழிபெயர்ப்பு வசதி இருக்காம்.

இப்ப ஞாயித்துக்கிழமைல அந்த அண்ணன் வீட்டுக்குப் போறேன். அவர் பேசுறாரு, நான் போன்ல பிடிக்கிறேன். இதுவரைக்கும் ஆறு வீடியோ, கூடவே சாதா டெக்ஸ்ட் ஃபைல்ல குறிப்பு. அந்த 'இடது பக்கம் தூக்குது' சத்தத்தையும் வாயாலயே பண்ணிக் காமிச்சார். நேத்து புது தளத்துல ஏத்திப் பார்த்தேன். அங்கீகரிக்கப்பட்ட வெண்டர் கொடுத்த பாடங்களை மட்டும்தான் ஏத்த முடியுமாம். பெண் டிரைவ்ல போட்டு ஷிப்ட் பசங்ககிட்ட குடுத்திருக்கேன்.